லாம்பெதுசாவின் நாவலில் சரித்திரம் எங்கே ஒளிந்திருக்கிறது?

இத்தாலிய எழுத்தாளர் லாம்பெதுசாவின் 'சிறுத்தை' நாவலில் உள்ள இலக்கிய உத்திகள் என்னென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதன் கீழே நீங்கள் எழுதியிருப்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. பிரபு ஜெபம் சொல்கிறார், விருந்து வைக்கிறார், வேட்டைக்குப் போகிறார், நடனத்துக்குப் போகிறார், கடைசியில் செத்துப்போகிறார். இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட தளபதி கரிபால்டி வந்தார் என்று பேசிக்கொள்கிறார்களே தவிர ஒரு சண்டைகூடக் கண்ணில் படவில்லை. அப்படியிருக்க இதை ஏன் பெரிய சரித்திர நாவல் என்கிறார்கள்? இதுதானே உங்கள் குழப்பம்? உத்தி பற்றிய கேள்விக்கும் இதற்கும் பதில் ஒன்றே. இந்த நாவலில் சரித்திரம் சம்பவங்களாக வருவதில்லை, உத்திகளுக்குள்தான் இருக்கிறது. அதனால் குறியீடு, படிமம், முரண் என்று பட்டியல் போட்டால் தேர்வுத்தாள் நிரம்பும், நாவல் கையை விட்டுப் போய்விடும்.

ஐரோப்பிய நாவல்களைப் பல வருடங்களாக மாணவர்களுக்குப் பாடம் நடத்திவருகிறேன். இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். ஆகவே கட்டமைப்பு, காட்சிகள், கதைசொல்லியின் நிலை ஆகியவற்றைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். இத்தாலிய வாக்கியத்தின் ஓசை, சிசிலிய வழக்கின் நுணுக்கம் போன்றவற்றில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகப் பின்னணி: ஜியூசெப்பே தொமாசி தி லாம்பெதுசா 1896-ல் பலெர்மோவில் பிறந்த சிசிலியப் பிரபு. எழுதி முடித்த ஒரே நாவல் இது. இரண்டு பெரிய பதிப்பகங்கள் மறுத்தன. 1957 ஜூலையில் அவர் இறந்துபோனார், நாவல் 1958-ல் ஃபெல்ட்ரினெல்லி வெளியீடாக வந்தது, 1959-ல் ஸ்த்ரேகா என்ற இத்தாலிய இலக்கியப் பரிசு பெற்றது. 1860-ல் கரிபால்டி ஆயிரம் பேருடன் மர்சாலாவில் இறங்கி, சிசிலியில் போர்போன் மன்னராட்சி சரிந்து, இத்தாலி ஒரே நாடாகும் காலம்தான் களம். மையத்தில் இருப்பவர் சலினா பிரபு டான் ஃபாப்ரிசியோ. நட்சத்திரங்களை ஆராய்கிறவர், ஆசிரியருடைய கொள்ளுத்தாத்தாவின் சாயல் கொண்டவர்.

முதலில் சண்டைகள் ஏன் கண்ணில் படவில்லை என்பதைப் பார்ப்போம். லாம்பெதுசா அவற்றை வேண்டுமென்றே மேடைக்குப் பின்னால் வைக்கிறார். போர் பிரபுவின் வீட்டுக்கு வரும் விதம் வேறு. தோட்டத்தில் எலுமிச்சை மரத்தடியில் ஒரு சிப்பாய் வந்து செத்துக் கிடக்கிறான். கண்டுபிடிப்பதற்குள் உடல் கெட்டுவிட்டது. பூக்களின் மணத்தோடு கலந்த அந்த நாற்றமாகத்தான் போர் பிரபுவின் நினைவில் தங்குகிறது.

இதைவிடத் துல்லியமான இடம் டோன்னஃபுகாத்தா விருந்து. கோடைக்குக் குடும்பம் கிராமத்து மாளிகைக்கு வந்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்களுக்கு விருந்து. அவர்களிடம் இரவு விருந்துக்கான முறைப்படியான உடை இருக்காது, கூச்சப்படுவார்கள் என்று நினைத்து பிரபு சாதாரண உடையில் நிற்கிறார். அவருடைய பெருந்தன்மையும் மேட்டிமையும் ஒரே செயலில் இருப்பதைக் கவனியுங்கள். அப்போது மகன் ஓடிவந்து, மேயர் டான் கலோஜெரோ வால்கோட்டுப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வருகிறார் என்கிறான். மர்சாலாவில் கரிபால்டி இறங்கிய செய்தியைவிட இது பிரபுவை அதிகமாக உலுக்குகிறது. அது எதிர்பார்த்தது, எங்கோ தூரத்தில் நடந்தது. இதுவோ அவருடைய சொந்த வீட்டுப் படிக்கட்டில் ஏறி வருகிறது. புரட்சி என்பது அந்தக் கணத்தில் ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டியும் இரண்டு கறுப்பு வால்களும்தான். ஆள் உள்ளே நுழைந்ததும் பிரபுவுக்கு மூச்சு வருகிறது. துணி நல்ல துணி, தைத்த விதம் படுமோசம். ஒரு வர்க்கத்தின் தோல்வி, அதன் கடைசி ஆறுதல், புதிதாக மேலே வருகிறவனின் அவசரம் எல்லாம் ஒரு கோட்டின் தையலுக்குள் வந்துவிடுகின்றன. தூதர்களும் போர்க்களங்களும் ரகசியத் திட்டங்களும் நிறைந்த சரித்திர நாவல்களில் பழகிய நமக்கு இது 'ஒன்றும் நடக்கவில்லை' என்று படுவது இயல்புதான். ஆனால் பதவி கைமாறுவது மனிதர்கள் அனுபவத்தில் எப்படி உறைக்கிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய காட்சி நான் படித்ததில் குறைவு.

அடுத்தது கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பது. என்னைப் பொறுத்தவரை இந்த நாவலின் மூல உத்தி இதுதான், மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. பெரும்பாலான பக்கங்களில் கதைசொல்லி பிரபுவின் தலைக்குள் இருக்கிறார். பிரபுவின் எரிச்சல், பசி, சலிப்பு, ஆசை எல்லாம் 'அவர் நினைத்தார்' என்ற அறிவிப்பில்லாமலேயே கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் கலந்து வருகின்றன. திடீரென்று அந்தக் குரல் பிரபுவை விட்டு விலகி, அவருக்குத் தெரியவே முடியாத ஒன்றைச் சொல்கிறது. 1862 நவம்பர் நடன விருந்தில் பிரபு கூரையை அண்ணாந்து பார்க்கிறார். ஓவியத்தில் தேவர்கள் சாய்ந்தபடி புன்னகைக்கிறார்கள். தாங்கள் நித்தியமானவர்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் பிட்ஸ்பர்க்கில் செய்யப்பட்ட ஒரு குண்டு 1943-ல் அது தவறு என்று காட்டப்போகிறது என்கிறார் கதைசொல்லி. அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, வால்ஸ் இசை தொடர்கிறது.

ஒரே வாக்கியத்தில் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள். எண்பது வருடங்கள் தாண்டப்படுகின்றன. 1860-ன் புரட்சியால் தொட முடியாத கூரையை யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு தூர தேசத்துத் தொழிற்சாலை தொடுகிறது. பிரபு அஞ்சிக்கொண்டிருப்பது மேயரின் வால்கோட்டுக்கு, அழிவு வருவதோ வேறு திசையிலிருந்து. இது ஆசிரியரின் கற்பனை மட்டுமல்ல. பலெர்மோவில் அவர் பிறந்து வளர்ந்த மாளிகையை 1943 ஏப்ரலில் நேசநாட்டு விமானங்களின் குண்டுகள் தகர்த்தன. அந்த வலி நாவலில் புலம்பலாக வரவில்லை, தன் பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு துணைவாக்கியமாக வந்துபோகிறது. சரித்திர நாவலில் காலத்துக்குப் பொருந்தாத விஷயம் வந்தால் பிழை என்போம். இங்கே அது பிழையல்ல, முறை. 1950-களில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் 1860-ஐப் பார்க்கிறார் என்பதை நாவல் மறைப்பதே இல்லை. பாத்திரங்களுக்கு எதிர்காலம் தெரியாது, கதைசொல்லிக்குத் தெரியும், அவர் வழியாக நமக்கும் தெரியும். பிரபு எடுக்கும் ஒவ்வொரு சின்ன முடிவின் மேலும் அந்த அறிவு ஒரு எடையாக உட்காருகிறது.

இதே வேலையை அத்தியாயத் தலைப்புகளும் செய்கின்றன. எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மாதமும் வருடமும்தான் அடையாளம். 1860 மே, ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர், அப்புறம் 1861 பிப்ரவரி, 1862 நவம்பர். இதுவரை மெதுவாக, மாதம் மாதமாக நகர்ந்த கதை அடுத்த பக்கத்தில் 1883 ஜூலைக்குத் தாவுகிறது. பிரபு சாகக் கிடக்கிறார். அதற்கடுத்த பக்கத்தில் 1910 மே. இடையில் போன இருபது வருடத்தையும் இருபத்தேழு வருடத்தையும் யாரும் கதையாகச் சொல்வதில்லை. இந்த இடைவெளிகளை நிரப்பப்படாத ஓட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீழ்ச்சி நடந்தது அங்கேதான். வீழ்ச்சி என்பது நாள் குறித்து நடக்கும் சம்பவமல்ல, திரும்பிப் பார்க்கும்போது முடிந்துபோயிருக்கும் ஒன்று என்பதை வெற்றுப் பக்கத்தைவிட நன்றாகச் சொல்ல வழியில்லை.

இங்கே அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்துக்கு வருவோம். 'எல்லாம் இப்போது இருப்பது போலவே இருக்க வேண்டுமானால், எல்லாம் மாற வேண்டும்.' இதைச் சொல்வது பிரபு அல்ல, அவருடைய மருமகன் தன்க்ரேதி, சகோதரியின் மகன். கரிபால்டி படையில் சேரப் புறப்படும்போது சொல்கிறான். இது உறுதி, முதல் பகுதியைத் திறந்தாலே கிடைக்கும். ஆனால் அரசியல் கட்டுரைகளில் இதை நாவலின் சாரம் போலவும், ஆசிரியரின் தத்துவம் போலவும் எடுத்தாள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது சொச்சம் வயதுள்ள, கடனில் இருக்கிற, புத்திசாலியான ஒரு இளைஞனின் கணக்கு அது. அந்தக் கணக்கு சரியா என்பதற்குத்தான் நாவலின் கடைசி இரண்டு பகுதிகள் பதில் சொல்கின்றன. 1910-ல் எல்லாம் பழையபடியே இருக்கிறதா? பெயர் இருக்கிறது, வீட்டில் பிரபுவின் மகள்களான மூன்று முதிய சகோதரிகள் இருக்கிறார்கள், புனிதர்களுடையவை என்று வணங்கப்படும் திருப்பண்டங்களைச் சுவர் முழுக்க மாட்டிய சிற்றாலயம் இருக்கிறது. திருச்சபை அனுப்பிய பாதிரியார் அவற்றைச் சோதிக்கிறார், ஐந்து மட்டும்தான் உண்மையானவை என்கிறார். மற்றவை கூடையில் போகின்றன. மிச்சமிருப்பதிலேயே பெரும்பகுதி போலி. அந்த வாக்கியத்துக்கு நாவல் தரும் மறுப்பு இதுதான்.

போலி என்பது பொருட்களோடு நிற்பதில்லை. அந்தச் சகோதரிகளில் ஒருத்தியான கொன்செட்டா இளமையில் தன்க்ரேதியை நேசித்தவள், போரின்போது ஒரு கன்னிமடத்துக்குள் புகுந்ததாக ஒரு விருந்தில் அவன் சொன்ன கதையைக் கேட்டு ஆத்திரப்பட்டு அவனிடமிருந்து விலகியவள். ஐம்பது வருடம் கழித்து வயதான செனட்டர் ஒருவர், அந்தக் கதை வெறும் கட்டுக்கதை என்று தன்க்ரேதியே தன்னிடம் சொன்னதாகப் போகிற போக்கில் சொல்கிறார். ஒரு வாழ்க்கை முழுவதும் சுமந்த மனக்கசப்புக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. அதுவாவது உண்மையா என்ற சந்தேகத்தையும் கதைசொல்லி விட்டுவைக்கிறார்.

பொருட்களைப் பற்றிச் சொன்னேன், முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அவற்றைப் பாருங்கள். நாவல் ஜெபமாலையின் கடைசி வார்த்தைகளோடு தொடங்குகிறது, எங்கள் மரண வேளையிலும் ஆமென் என்று. ஜெபம் முடிந்து பெண்கள் எழுகிறார்கள். அவர்களுடைய பாவாடைகள் விலக விலக, தரை ஓடுகளில் தீட்டியிருந்த கிரேக்கப் புராணத்து நிர்வாண உருவங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. பாதிரியார் பிர்ரோனே இன்னும் முழங்காலில் இருப்பதால் அவருடைய அங்கிக்கு அடியில் அண்ட்ரோமீடா மட்டும் சிறிது நேரம் மறைந்திருக்கிறாள். பக்தியும் சிற்றின்பமும் அந்த வீட்டில் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதை ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் தரை சொல்லிவிடுகிறது. அதே நேரத்தில் கதவு திறந்து, வெளியே நிறுத்தப்பட்டிருந்த வருத்தத்தோடு ஒரு பெரிய நாய் வாலை ஆட்டிக்கொண்டு நுழைகிறது. பெந்திகோ. தோட்டத்தில் பாத்திகளைத் தோண்டி நாசம் செய்கிறது, குறும்பும் உயிரும் ததும்ப முதல் பகுதிகள் முழுக்க ஓடித் திரிகிறது. 1910-ல் அது பஞ்சடைத்த உருவமாகக் கொன்செட்டாவின் அறையில் நாற்பது வருடத்துக்கு மேல் நிற்கிறது. பூச்சி அரித்த அந்தத் தோலைத் தூக்கி எறியச் சொல்கிறாள். ஜன்னல் வழியாக விழும்போது ஒரு கணம் அது உயிருள்ள விலங்குபோல உருக்கொள்கிறது, பிறகு குப்பை. நாவல் அங்கே முடிகிறது.

இந்த நாய் நான் ஊகித்துக் கண்டுபிடித்த குறியீடு அல்ல. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பெந்திகோ மிக முக்கியமான பாத்திரம், கிட்டத்தட்ட நாவலின் திறவுகோல் என்று லாம்பெதுசாவே குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அந்தத் திறவுகோல் எதைத் திறக்கிறது என்பதில் ஒரே பதில் கிடையாது. நாய் அந்த வம்சத்தையே குறிக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. நான் சற்று வேறாகப் பார்க்கிறேன். பெந்திகோவுக்கு வம்சம் பற்றிய கவலையே கிடையாது, அது வெறும் உயிர்ப்பு. அந்த உயிர்ப்பை அந்தக் குடும்பம் பஞ்சடைத்துப் பத்திரப்படுத்தியது, அதுதான் தவறு. இது என் வாசிப்பு, உங்கள் கட்டுரையில் எழுதினால் வாசிப்பு என்றே குறிப்பிடுங்கள்.

பிரபுவோடு வேட்டைக்குப் போகும் தேவாலய ஆர்கன் வாசிப்பாளர் சிச்சோ துமேயோவின் காட்சியைத் தவறவிடாதீர்கள். இத்தாலியோடு இணைவதா என்ற வாக்கெடுப்பின் முடிவை டான் கலோஜெரோ அறிவித்திருக்கிறார். டோன்னஃபுகாத்தாவில் வாக்காளர் 515, வாக்களித்தவர் 512, 'ஆம்' 512, 'இல்லை' பூஜ்யம். மலைமேல் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும்போது துமேயோ வெடிக்கிறார். நான் 'இல்லை' என்றுதானே போட்டேன், என் வாக்கை விழுங்கிவிட்டு 'ஆம்' என்று மாற்றித் துப்பிவிட்டார்கள் என்கிறார். புதிய நாடு பிறந்த அன்றே நல்லெண்ணம் என்ற குழந்தையைக் கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்று பிரபு உணர்கிறார். இங்கே உத்தி முரண்தான், ஆனால் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் வித்தகம். மோசடியால் சுரண்டப்பட்டவர் பிரபு அல்ல, அவர் 'ஆம்' போடச் சொன்னவர். குரலை இழந்தவர் கீழே இருக்கும் ஏழை. பிரபுக்களின் வீழ்ச்சிக்காகக் கண்ணீர் விடும் நாவல் என்று இதைச் சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

ஐந்தாம் பகுதியைப் பலர் தாண்டிப் போகிறார்கள், ஏனென்றால் அதில் பிரபுவே இல்லை. பாதிரியார் பிர்ரோனே தன் கிராமத்துக்குப் போய், ஒரு பாதாம் தோப்புக்காகப் பகைத்துக்கொண்ட உறவினர்களைத் திருமணம் பேசிச் சமாதானப்படுத்துகிறார். தன்க்ரேதிக்கும் மேயரின் மகள் அஞ்செலிகாவுக்கும் மாளிகையில் நடந்த அதே பேரம்தான், பட்டும் பணிவும் இல்லாமல் நடக்கிறது. அவ்வளவு தெரிந்தால் போதும், அந்தப் பகுதி ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும். விலங்கு உவமைகள், நட்சத்திரங்கள், சிசிலியின் வெயில் ஆகியவற்றை எல்லா விமர்சன நூல்களும் பேசுகின்றன, நான் திரும்பச் சொல்லவில்லை.

மரணப் பகுதியில் மட்டும் ஒலியைக் கவனியுங்கள். உயிர் வெளியேறும் உணர்வு முதலில் மணல் உதிர்வதுபோல மெல்லியதாக, பிரபுவுக்குப் பல வருடங்களாகப் பழக்கமானதாக இருக்கிறது. பலெர்மோ ஹோட்டல் அறையில் அது பேரருவியின் இரைச்சலாகிறது, கடைசியில் கடல் ஓய்வதுபோல நின்றுவிடுகிறது. நடுவில் அவர் தன் வாழ்க்கைக்கு வரவு செலவுக் கணக்குப் பார்க்கிறார். எழுபத்து மூன்று வயதில் உண்மையாக வாழ்ந்தது இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. மேயர்கள் கணக்குப் பார்ப்பதை வாழ்நாளெல்லாம் அருவருத்தவர் கடைசியில் கணக்குத்தான் பார்க்கிறார், ஆனால் அவர் வரவில் வைப்பது தொலைநோக்கி முன் கழிந்த மணிகளையும் நாய்களையும்.

ஆசிரியர் பழைய உலகத்துக்காக ஏங்குகிறாரா, அதைக் குற்றம் சாட்டுகிறாரா? இதில் உறுதியான பதில் இல்லை, நாவல் வந்த நாளிலிருந்தே சண்டைதான். இத்தாலிய இடதுசாரி விமர்சகர்கள் சிலர் இதைப் பிற்போக்கு என்றார்கள். கம்யூனிஸ்டான பிரெஞ்சு எழுத்தாளர் லூயி அரகோன் மனம்விட்டுப் பாராட்டினார். என் சாய்வைச் சொல்கிறேன்: வாக்கியங்கள் ஏங்குகின்றன, கட்டமைப்பு ஏங்கவில்லை. மாளிகையை வருணிக்கும்போது அன்பு வழிகிறது, ஆனால் எதை எதற்குப் பிறகு வைக்கிறார் என்று பார்த்தால் இரக்கமே கிடையாது. பிரபுவுக்குப் புதிய அரசு செனட் பதவி தர முன்வரும் உரையாடலை வைத்து மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். சிசிலியர்கள் தூங்கவே விரும்புகிறார்கள் என்று பிரபு அங்கே நீளமாகப் பேசுவது அழகான பேச்சு, ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற ஒருவரின் பேச்சும்கூட. அவர் மறுக்கும் இடத்துக்கு யார் பெயரைச் சொல்கிறார்? டான் கலோஜெரோவை.

சரி, கட்டுரைக்கு ஒரு யோசனை. பத்து உத்திகளைத் தொடாதீர்கள். பெந்திகோவையோ, கூரை ஓவியங்களையோ, தேதிகளையோ ஒன்றை எடுத்து முதல் பகுதியிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து போங்கள், மற்றவை தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு எச்சரிக்கை. லூகினோ விஸ்கோன்தியின் 1963-ஆம் வருடப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தால், படம் அருமையானது, ஆனால் நடன விருந்தோடும் அது முடிந்த விடியலோடும் நின்றுவிடுகிறது. 1883-ம் 1910-ம் அதில் இல்லை. தன்க்ரேதியின் வாக்கியத்துக்கு நாவல் சொல்லும் பதில் அந்த இரண்டு பகுதிகளில்தான் இருக்கிறது என்பதால், அவற்றைப் புத்தகத்தில் படித்துவிட்டே பேனாவை எடுங்கள்.